கருவாட்டு மேல போட்ட பழி

ஜன்னலைத் தொறக்கணுமா? தாராளமா தொறந்துக்கிடுங்க அண்ணாச்சி. பேட்டை தாண்டினாத்தான் நல்ல காத்து வரும். உங்களுக்குத் தும்மல் நிக்கவே மாட்டேங்குதே? திருநவேலியில பஸ்ஸு எடுத்ததுல இருந்து எண்ணிக்கிட்டு வாரேன், இதோட ஒம்பது. சளியா இருக்கும். வீட்டுக்குப் போனதும் ஆவி பிடிங்க.

அந்தப் பை மேல மட்டும் கால் படாம பாத்துக்கிடுங்க. கருவாடு. ஐயய்யோ, மூஞ்சியச் சுழிக்காதிய! வாசம் வருதா? வராது. ஏழு கவர் போட்டிருக்கேன். கவருக்கும் கவருக்கும் நடுவுல பேப்பரு, பேப்பர் மேல ஜவ்வாதுப் பொடி தூவியிருக்கேன். தூத்துக்குடியில எங்கப்பா காலத்துல இருந்து கருவாட்டுக் கடை. ஆனா முப்பத்தோரு வருசமா என் பக்கத்துல உக்காந்தவன் எவனாவது ‘கருவாடு நாறுது’ன்னு சொல்லியிருப்பானா? சொன்னதே கெடையாது. மோந்து பாருங்க. சட்டையில கொஞ்சம், கழுத்துல கொஞ்சம், காதுக்குப் பின்னால கொஞ்சம், கைக்குட்டையில கொஞ்சம். எல்லாம் ஜவ்வாது. இன்னைக்குக் கூடக் கொஞ்சம். ரெண்டு தடவை குளிச்சு ரெண்டு தடவை போட்டிருக்கேன். இந்தா, பத்தாவது தும்மல்.

இன்னைக்கு ஏன் கூடன்னு நீங்க கேக்கலியே? இலஞ்சிக்குப் போறேன். தென்காசியில இறங்கி டவுன் பஸ்ஸு மாறணும். கொழுந்தியா வீடு அங்க. எங்க வீட்டுக்காரி நாப்பது நாளா அங்கதான் இருக்கா, கூட்டிக்கிட்டு வரப் போறேன். சண்டையெல்லாம் இல்ல. கோவிச்சுக்கிட்டுப் போறவளும் இல்ல. அவ போனதுக்குக் காரணம் பொட்டு. ஆமா, நெத்தியில வைக்கிற பொட்டுதான். அந்தப் பொட்டால இந்த ஊரு என்னைக் கொன்னு போட்டுட்டு அண்ணாச்சி. குத்துக்கல்லு மாதிரி இருக்கிறவனைக் கொன்னுட்டாவ. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அவ நெத்தியில பொட்டோட என் வீட்டு நடையில ஏறணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. தென்காசி போக இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு, சொல்லுதேன் கேளுங்க.

எம் பேரு ஆதிலிங்கம். அவ பேரு செல்வக்கனி. நெத்தின்னா நெத்தி அவளுக்கு, நல்ல அகலமா. அதுல அரக்குக் கலர்ல எட்டணா அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு. தெரு முக்குல வரும்போதே பொட்டு தெரியும், பொறவுதான் ஆளு தெரியும். போன தை மாசம், பொங்கல் கழிஞ்ச வாரம், பொட்டுக்கு அடியில அரிக்கிதுன்னா. எடுத்துப் பாத்தா பொட்டு வட்டத்துக்குச் செவந்திருக்கு. ‘பொட்டை எடுத்தாலும் பொட்டு இருக்கே, நல்லதாப் போச்சு’ன்னு கிண்டல் பண்ணேன். அவ சிரிக்கல.

ஸ்டிக்கர்ல இருக்கிற பசைதான் காரணம்னு நான் அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டேன். எனக்கு அந்த மாதிரி கொஞ்சம் புத்தி ஓடும், பாத்துக்கிடுங்க. ‘ஸ்டிக்கரே வேண்டாம், நல்ல குங்குமமா நானே தயார் பண்ணித் தாரேன்’னு சொன்னேன். எப்படிப் பண்ணேன்னு கேளுங்க. தாழம்பூக் குங்குமம் ஒரு பங்கு. அதுல நம்ம ஜவ்வாது ரெண்டு சிட்டிகை. ரோஸ் சென்ட் நாலு சொட்டு. தேங்காண்ணெய் விட்டுக் குழைச்சு ஒரு சின்னச் செம்பு டப்பாவுல அடைச்சேன். மூடியைத் தொறந்தா வாசம் எதுத்த வீட்டுக்காரனை எழுப்பி விட்டுரும். தெனம் காலையில நான் குளிச்சு ஜவ்வாது போட்டுக்கிட்டு, அந்தக் கையாலேயே அவ நெத்தியில வெச்சு விடுவேன். நான் வைக்காம வேற எவன் வைப்பான்? அவ கண்ணை மூடிக்கிட்டு நிப்பா.

ஒரே வாரத்துல நெத்தி பொரிஞ்சு தண்ணி வடிய ஆரம்பிச்சுட்டு. அந்த ஸ்டிக்கர் பசை எவ்வளவு ஆழமா இறங்கியிருக்குன்னு பாத்தியளா! பொறவு கழுத்துல தடிப்பு தடிப்பா வந்துச்சு. பொறவு காதுக்குப் பின்னால. பொறவு கன்னம், அதுவும் இடது கன்னம் மட்டும், நான் படுக்கிற பக்கம். நான் கேக்கேன், அங்கெல்லாம் யாரு பொட்டு வைக்கா? எனக்கு ஒண்ணும் விளங்கல.

ஊரு சும்மா இருக்குமா? ஊரு வாயை மூட உலைமூடி ஏது. மேல வீடு, கீழ வீடு, எதுத்த வீடு எல்லாருக்கும் ஒரே பேச்சு. ‘கருவாட்டுக்காரன் பொண்டாட்டிக்குக் கரப்பான் வராம வேற யாருக்கு வரும்?’ உங்களுக்குத் தெரியும்லா, உடம்புல சொறி வந்துட்டா நம்ம ஆளுக மொதல்ல ரெண்டு சாமானைத்தான் பிடிச்சு உள்ள போடுவாவ. கத்தரிக்கா, கருவாடு. ரெண்டும் கரப்பான் பண்டமாம், தின்னா உடம்பெல்லாம் அரிக்குமாம். கத்தரிக்கா விக்கிறவனை எவனாவது ஒரு சொல்லு சொல்லுதானா? கிடையாது. கருவாட்டுக்காரன்னா மட்டும் எளக்காரம். இதைக் கேட்டு அவளும் கருவாட்டை நிறுத்திட்டா. கருவாடு இல்லாம சோறு எறங்காது அவளுக்கு. வெறும் ரசத்தை ஊத்திப் பெசஞ்சு தின்னா. அதைப் பாக்கத்தான் எனக்குப் பொறுக்கல.

சரி, நம்ம தொழிலாலதான் இவளுக்கு இந்தப் பாடுன்னா, வீட்டுக்குள்ள கருவாட்டுக் காத்தே வரக் கூடாதுன்னு முடிவு பண்ணேன். கடையில இருந்து வந்ததும் சட்டையை வாசல்லயே கழட்டிப் போட்டுருவேன். குளிப்பேன். ஜவ்வாதை ரெட்டிப்பாக்கினேன். விரிப்புல தூவினேன். தலையணையில தூவினேன். அவ சீலை வைக்கிற பீரோவுல ஒரு பொட்டலம் போட்டு வெச்சேன். பூவோட சேந்தா நாரும் மணக்கும்பாவ, நான் வீட்டையே மணக்க வெச்சேன். பொண்டாட்டிக்காக எந்தப் புருசன் இவ்வளவு செய்வான், சொல்லுங்க? பதிமூணு. வேணும்னா என் கைக்குட்டையை வெச்சுக்கிடுங்க. வேண்டாமா? சரி.

கடைசியில அவ கையெடுத்துக் கும்பிட்டுட்டா. ‘கொஞ்ச நாளைக்கு நெத்தியில ஒண்ணுமே வைக்க வேண்டாம்ங்க, காத்தாட விட்டுருவோம்’னா. சரின்னேன். அதுலதான் நான் செத்தேன்.

மாசி மாசம் கோவில்பட்டியில ஒரு வியாபாரி வீட்டுக் கல்யாணம். வாசல்ல ஒரு அம்மா சந்தனம், குங்குமம், கல்கண்டு எல்லாம் வெச்சுத் தட்டோட நிக்காவ. இவ முன்னால போயிட்டா, நான் செருப்பை ஒரு ஓரமா விட்டுட்டு வரப் பிந்திட்டேன். அந்தம்மா இவ நெத்தியப் பாத்தா, தட்டைப் பைய இழுத்துத் தன் பக்கம் வெச்சுக்கிட்டா. ‘உள்ள போய் உக்காருங்கம்மா’ன்னா. அந்தக் குரலு இருக்கே, சாவு விழுந்த துட்டி வீட்டுல பேசுற குரலு. நான் ஓடிப் போய், ‘ஏம்மா, எங்க வீட்டுல உள்ளவங்களுக்குக் குங்குமம் குடுக்க மாட்டியளா?’ன்னேன். அந்தம்மா என்னைப் பாத்தா, அவளைப் பாத்தா. ‘நீங்க யாரு, தம்பியா?’ன்னு கேட்டுட்டா! தலைக்கு அன்னைக்குத்தான் டை அடிச்சிருந்தேன், அதுல வந்த வினை.

சிரிங்க, சிரிங்க. இன்னும் கேளுங்க. பங்குனியில அருப்புக்கோட்டை வியாபாரி ஒருத்தர். பத்து வருசமா போன்லதான் பழக்கம், மூஞ்சி பாத்தது கெடையாது. எங்க வீட்டுக்காரி வெறும் நெத்தியோட சந்தையில நின்னதை எவனோ பாத்துட்டு, அவர்கிட்டப் போய் ‘ஆதிலிங்கம் போயிட்டாரு போல’ன்னு சொல்லியிருக்கான். நான் பாட்டுக்குக் கல்லாவுல உக்காந்திருக்கேன். மாலையும் கையுமா ஒரு ஆளு படி ஏறி வாராரு. ‘அண்ணாச்சி தவறிட்டாவளாமே, இப்பத்தான் கேள்விப்பட்டேன், துட்டி கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்’ங்காரு. என்கிட்டயே! என் சாவுக்கு என்கிட்டயே துட்டி கேக்காரு!

நான் உடனே சொல்லியிருக்கலாம். சொல்லல. செத்த பொறவு நம்மளைப் பத்தி என்ன பேசுவாவன்னு கேக்குற பாக்கியம் எவனுக்குக் கெடைக்கும்? உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்தேன். ‘தங்கமான மனுசன்’னாரு. ஆமான்னேன். ‘சொன்ன சொல்லு தவற மாட்டாரு’ன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துட்டு. நம்ம அருமை நமக்குத் தெரியாம இத்தனை வருசம் இருந்துட்டோமேன்னு நெனச்சேன். ‘ஆனா எடையில மட்டும் கொஞ்சம் அப்படி இப்படி’ன்னாரு பாருங்க, எந்திரிச்சுட்டேன். ‘வே, எடையில என்னத்தைவே கண்டீரு? நான்தாம்வே ஆதிலிங்கம்!’னேன். மாலையைப் போட்ட இடத்துல போட்டுட்டு ஓடினாரு, மெயின் ரோடு தாண்டித்தான் நின்னாரு. கோட்டிக்கார மனுசன். ஜவ்வாது மணக்குற பேயை எவனாவது பாத்திருக்கானா?

வீட்டுல போய் இதைச் சொன்னேன். அவளும் சிரிச்சா. நெத்தியை உள்ளங்கையால மறைச்சுக்கிட்டே சிரிச்சா. சிரிச்சுக்கிட்டு இருந்தவ அப்படியே அழுதுட்டா. நான் உசிரோட நிக்கேன், என் கண்ணு முன்னால எனக்காக அழுதுக்கிட்டு இருக்கா. பக்கத்துல போய் அணைச்சுக்கிட்டேன். மறுநாள் தோளு பூராவும் தடிச்சுட்டு. கவலையிலயும் அப்படி வரும்பாவ.

பொறவுதான் வைகாசியில இலஞ்சிக்குப் போனா. அவ தங்கச்சி பூங்கனி கூப்பிட்டிருக்கா, தென்காசியில நல்ல தோல் டாக்டர் இருக்காருன்னு. போன அஞ்சாம் நாளே நெத்தி காஞ்சுட்டுன்னு போனு வந்துட்டு. டாக்டரைக் கூட இன்னும் பாக்கல! குத்தாலத் தண்ணிலா, அது பட்டா கல்லு கூட குணமாயிரும். நான் ஒரு ஞாயித்துக்கெழமை பாக்கப் போனேன். கொழுந்தியா வீட்டுக்குப் போறோம்னு ஜவ்வாது கூடக் கொஞ்சம் போட்டுக்கிட்டேன். செம்பு டப்பாவையும் எடுத்துக்கிட்டேன். நெத்தி பளிச்சுன்னு இருந்துச்சு அண்ணாச்சி, கல்யாணத்தன்னைக்கு இருந்த நெத்தி. ஆசையா இருந்துச்சு. ஒரே ஒரு தடவைன்னு சொல்லிச் சின்னதா ஒரு பொட்டு வெச்சு விட்டேன். எப்பவும் போலக் கண்ணை மூடிக்கிட்டு நின்னா. மறுநாள் காலையில மூஞ்சி பணியாரமா வீங்கிட்டு. பூங்கனி போனைப் போட்டு என்னை ஏசு ஏசுன்னு ஏசுதா. நான் என்ன செய்ய? இலஞ்சி வயக்காடு, கொசு ஜாஸ்தி.

பூங்கனின்னதும் ஒண்ணு சொல்லணும். இதை நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னது கெடையாது, செல்வக்கனிகிட்டக் கூட. ஆலங்குளம் வந்துட்டு, இனி உங்களை எங்க பாக்கப் போறேன், சொல்லிருதேன்.

பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு நடந்தது. காலையில கடையில சாளைக் கருவாடு மூடை இறக்கிட்டு, சோப்புப் போட்டு நல்லாக் குளிச்சுட்டுத்தான் போனேன். செல்வக்கனி காப்பித் தட்டோட வந்தா. பின்னாலயே பூங்கனி முறுக்குத் தட்டோட வந்தா, பதினாலு வயசு அப்போ. என் பக்கத்துல வந்ததும், தட்டை டக்குன்னு வெச்சுட்டு, ஒரு கையால மூக்கைப் பொத்திக்கிட்டா. பொத்திக்கிட்டு உள்ள ஓடிட்டா. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல ஆயிட்டு. செல்வக்கனி ஒண்ணும் காட்டிக்கிடல. சம்மதம்னு சொல்லிட்டா. எனக்கு அது இன்னும் கஷ்டமாப் போச்சு. நம்ம நாத்தத்தைப் பொறுத்துக்கிட்டு ஒரு பொண்ணு சரின்னு சொல்லுதா. மறுநாளே கடைத்தெருவுக்குப் போய் மொதல் ஜவ்வாது டப்பா வாங்கினேன். இவ நம்மகூட ஆயுசுக்கும் இருக்கப் போறா, ஒரு நாளு கூட மூக்கைப் பொத்தக் கூடாதுன்னு நெனச்சேன். அன்னையில இருந்து ஒரு நாளு விட்டது கெடையாது. காய்ச்சல்ல கெடந்தாலும் போட்டுக்கிட்டுத்தான் கெடப்பேன்.

பதினேழு. நீங்க டாக்டரைப் பாருங்க அண்ணாச்சி, கண்ணெல்லாம் செவந்துட்டு உங்களுக்கு.

அந்தத் தென்காசி டாக்டர் செஞ்சதைக் கேளுங்க. இவ முதுகுல சின்னச் சின்னதா பிளாஸ்திரி வரிசையா ஒட்டியிருக்காரு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு சாமான், பசை, சாயம், சோப்பு மருந்துன்னு என்னென்னமோ. ரெண்டு நாளு குளிக்கக் கூடாது. பொறவு பிரிச்சுப் பாத்தா எது செவந்திருக்கோ அதுதான் குத்தவாளி. தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சுதான் அங்க ஒட்டியிருக்காரு போல.

நேத்து எல்லாம் பாத்து முடிச்சாச்சாம். இன்னைக்குக் காலையில நெத்திலி மூடையைப் பிரிச்சுக்கிட்டிருக்கேன், போனு. ‘விசயம் தெரிஞ்சுட்டு, கூட்டிக்கிட்டுப் போக வாங்க’ங்கா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பொறவு ஒண்ணு சொன்னா. ‘கடையில இருந்து அப்படியே வாங்க. ஒண்ணும் போட்டுக்கிடாம வாங்க.’ அப்படியே வாங்கன்னா என்ன அர்த்தம்? சீக்கிரம் வாங்கன்னு அர்த்தம். நாப்பது நாளாச்சுலா, அவளுக்கும் இருக்கும்லா. வெக்கமா இருக்கு, விடுங்க. ஒண்ணும் போட்டுக்கிடாமன்னது மோதிரத்தை. பஸ்ஸுல கூட்டம், எவனாவது உருவிருவான்னு பயம் அவளுக்கு. கழட்டி வெச்சுட்டுத்தான் வந்திருக்கேன். பாருங்க, வெறுங்கை.

இருங்க, போனு அடிக்குது. அவதான்.

‘சொல்லு கனி... ஆலங்குளம் தாண்டிட்டு... ஆமா, குளிச்சுட்டுத்தான் வாரேன், ரெண்டு தடவை... ஜவ்வாதா? போடாம வருவேனா? ரெண்டு தடவை... ஏட்டி, ஏன் கத்துத?... டாக்டர் என்ன சொன்னாரு?... பசை இல்லியா?... சோப்பும் இல்லியா?... நல்லாச் சொல்லு, கருவாடு இல்லவே இல்லியா? டாக்டரே சொல்லிட்டாரா? நான் அன்னைக்கே சொன்னேம்லா!... சரி, அப்போ எதுதான் செவந்துச்சு?... வாசனையா? எந்த வாசனை?... அட, எந்த வாசனைன்னு கேக்கேன்...’

‘...நானா?’

‘எப்போ இருந்து தெரியும் உனக்கு?... மாசியில இருந்தா? அப்போ இலஞ்சியில நான் பொட்டு வைக்கும்போது? ஏட்டி, தெரிஞ்சுக்கிட்டா கண்ணை மூடிக்கிட்டு நின்ன?’

அண்ணாச்சி, இவ என்ன சொல்லுதா தெரியுமா? ‘ஆசையா டப்பாவைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிய, எப்படி வேண்டாம்பேன்’ங்கா. ‘பீடி கெடையாது, வெத்தலை கெடையாது, சீட்டு கெடையாது, உங்களுக்கு இருக்கிற ஒரே ஆசை அந்த ஜவ்வாது, அதை எப்படி விடச் சொல்லுவேன்’ங்கா. ஆசையாம்! எனக்கு ஆசையாம்! எனக்கு அந்த வாசமே புடிக்காது அண்ணாச்சி! முப்பத்தோரு வருசமா எனக்கு அதுல தலைவலி!

‘ஏட்டி கேளு. எனக்கு ஆசையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு உன் தங்கச்சி என்னைப் பாத்து மூக்கைப் பொத்தினால்லா, அதுல இருந்துதான் போடுதேன். உனக்காகத்தான் போடுதேன்... ஆமா, அன்னைக்கு முறுக்குத் தட்டோட... என்ன சத்தம் அங்க? யாரு சிரிக்கா?... பூங்கனியா? சொல்லு தாயி... என்னது?... எத்தனை நாளு?...’

மூக்கு குத்தி மூணு நாளாம் அண்ணாச்சி! மூக்குத்தி ஒத்துக்காம மூக்கு வீங்கிச் சீழு வெச்சுக் கெடந்துச்சாம். மாப்பிள்ளை வீட்டு ஆளுக பாத்துச் சிரிப்பாவன்னு மறைச்சுக்கிட்டு ஓடியிருக்கா! ‘அத்தான், உங்களை நான் ஏறெடுத்தே பாக்கல’ங்கா. நாத்தமெல்லாம் ஒண்ணும் தெரியலியாம். அவ அப்பா கருப்பட்டிக் கடையில கருவாடும் சேத்து வித்தவருதானே, அதுலயே வளந்த பிள்ளைகளாம். ஐயோ, ஐயோ, வயிறு வலிக்கு அண்ணாச்சி. மூணு நாள் மூக்குத்திக்கு முப்பத்தோரு வருசம் ஜவ்வாது!

‘கனி, இருக்கியா?... ஊரு பூராவும் உன்னை என்னவெல்லாம் நெனச்சுது. அந்தக் கோவில்பட்டிக்காரி தட்டை இழுத்தாளே. அதைக் கூடத் தாங்கிக்கிட்டியே... என்ன?... சரி... சரிட்டி. வெச்சிரு. வாரேன்.’

ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ‘நீங்க உசிரோட இருக்கியன்னு எனக்குத் தெரியும்லா, ஊருக்கு எதுக்குத் தெரியணும்’ங்கா. இப்படி ஒரு பொம்பளைக்கு நான் தெனம் காலையில என் கையாலேயே நெருப்பை வெச்சிருக்கேன். அவ கண்ணை மூடிக்கிட்டு நின்னிருக்கா. எனக்கு அழுகையா வருது. கைக்குட்டை எங்க... சே, அதுலயும் ஜவ்வாது. அதைக் கசக்கிக் கவருக்குள்ள போடுங்க, தொடாதிய, நுனியைப் பிடிச்சுப் போடுங்க.

நெத்தி நல்லா ஆறின பொறவு வாசனை கலக்காத குங்குமம் வைக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாராம். இன்னைக்கே பொட்டோட நடை ஏறணும்னு நெனச்சேன், பரவால்ல. வெறும் நெத்தியோடயே ஏறட்டும். எவன் துட்டி கேக்க வந்தாலும் டீ வாங்கிக் குடுத்து அனுப்புதேன். பொட்டு வைக்கிற அன்னைக்கு ‘நீங்கதான் வைக்கணும், வெறுங்கையோட வைக்கணும்’னிருக்கா. வைப்பேன். இன்னும் ஒண்ணு கேட்டா. ‘கருவாடு கொண்டாரியளா? நாலு மாசமாச்சு தின்னு.’

உங்க தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் தாங்க. கழுத்தைத் தொடைக்கணும். காதுக்குப் பின்னால... வாசம் போயிட்டா? போகலியா? முப்பத்தோரு வருசம் ஊறினது, ஒரு பாட்டில் தண்ணியில போகுமா? எனக்கு ஒரு யோசனை. அந்தப் பையை மேல தூக்குங்க. பயப்படாதிய, தூக்குங்க. இப்படியே ஜவ்வாதோட போய் நின்னா அவ மறுபடியும் வீங்கிருவா. ஒண்ணாங் கவர். ரெண்டு. இந்தப் பேப்பரையெல்லாம் வெளிய உதறுங்க. நாலு. அஞ்சு.

ஏழு! இந்தா, சாளை. நாலு நாளு உப்புல கெடந்து நல்ல வெயில்ல காஞ்ச சரக்கு. கழுத்துல இப்படி ஒரு தேய்ப்பு. சட்டையில ஒரு தேய்ப்பு. முன் சீட்டு அம்மா, ஏன் மூக்கைப் பொத்துதிய? பொத்துங்க, நல்லாப் பொத்துங்க, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல! கண்டக்டர் சார், ஏன் கத்தி அவயம் போடுதிய? பாவூர்சத்திரத்துல இறக்கி விட்டுருவியளா? விடுங்க! அங்க இருந்து இலஞ்சிக்கு நடந்தே போவேன், போற வழியெல்லாம் காத்து வாங்கிக்கிட்டே போவேன்!

அண்ணாச்சி, உங்க தும்மல் நின்னுட்டே! பாத்தியளா? கருவாட்டைப் பிரிச்ச பொறவு ஒரு தும்மல் இல்ல. அப்போ அந்தப் பதினேழு தும்மலும் நான்தானா? திருநவேலியில இருந்து கண்ணுல தண்ணி வடிய வடிய உக்காந்திருக்கிய, ஒரு வார்த்தை சொல்லலியே. நீங்களும் சொல்லலியே! நல்ல மனுசரு வே நீரு. எங்க வீட்டுக்காரி மாதிரியே இருக்கீரு.

பாவூர்சத்திரம் வந்துட்டு, இறங்குதேன். ஒரே ஒரு உதவி, மறைக்காமச் சொல்லணும். கிட்ட வாங்க, இங்க, கழுத்துகிட்ட வாங்க. நல்லா இழுத்து மோந்து பாத்துட்டு உண்மையைச் சொல்லுங்க அண்ணாச்சி.

நாறுதேனா?